மாந்தோப்பு ஓரத்தில் ஒரு டர்ட் ஜம்ப்

டர்ட் ஜம்ப், அதாவது சைக்கிளில் ஏறிப் பறந்து இறங்குவதற்கான மண் மேடு, கட்டப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு உயரம் என்பதுதான். உயரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு சைக்கிள் என்ன வேகத்தில் வந்து சேரும் என்பதை முதலில் அளந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் வரும். காவேரிப்பட்டினம் பக்கம் மாமாவின் மாந்தோப்பை ஒட்டி, கரட்டடியில் நானும் சித்தப்பா வீட்டுப் பையன்களும் சேர்ந்து கட்டிய மேட்டைப் பற்றி அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இடம் கிடைப்பது இந்தப் பக்கம் பெரிய விஷயமில்லை. தோப்புக்கும் கரட்டுக்கும் நடுவே, கீழே பாறை ஓடுவதால் மரம் வைக்க முடியாமல் சும்மா விட்ட துண்டு நிலம் பாதிப் பேரிடம் இருக்கும். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். மேலிருந்து கீழே இயற்கையாகவே சரிவு இருந்தது பெரிய லாபம். பட்டா நிலமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காப்புக்காட்டிலோ ஏரிப் புறம்போக்கிலோ மம்பட்டி வைத்தால் கேஸ்தான். கரட்டடியில் வட்டமாகக் கல் நட்ட இடமோ, நடுகல்லோ இருந்தால் அதன் பக்கத்திலும் தோண்டாதீர்கள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள், நாம் சாதாரணக் கல் என்று புரட்டிப் போடுவது எதுவாகவும் இருக்கலாம்.

சரி, வேகம். போன் ஜிபிஎஸ் இதற்கு லாயக்கில்லை, அவ்வளவு சின்ன தூரத்தில் அது பின்தங்கித்தான் காட்டும். நாங்கள் செய்தது இது: லிப் (சைக்கிளை மேலே தூக்கிவிடும் முகப்பு வளைவு) வரப்போகும் இடத்துக்கு முன்னால் தரையில் 5 மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டோம், பக்கவாட்டில் போனை ஒரு கல்மேல் வைத்து வீடியோ எடுத்தோம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 பிரேம். முன்சக்கரம் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டைத் தொட 21, 22 பிரேம் ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெடல் மிதிக்கக் கூடாது, பிரேக் தொடக் கூடாது, மேலே ஒரு இடத்திலிருந்து காலை எடுத்துவிட்டால் தானாக உருண்டு வர வேண்டும். மிதித்து வரும் வேகம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். உருண்டு வரும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப்படி 8 அடி இறக்கம் போதும். ஆனால் செம்மண் தரை, கட்டை டயர், சின்னச் சின்ன கல் எல்லாம் வேகத்தைத் தின்னும், அதனால் 10 அடி இறக்கம் வைத்தோம். இறக்கத்தை அளக்கக் கொத்தனாரிடம் லெவல் ட்யூப் கடன் வாங்கினோம். தண்ணீர் நிரப்பிய அந்த ட்யூபைப் படிப்படியாகக் கீழே இறக்கி அளந்து கூட்டினால் போதும், சர்வேயர் எல்லாம் தேவையில்லை. கிளம்பும் இடத்தில் ஒரு கல்லுக்கு வெள்ளை அடித்து நட்டுவிட்டோம்.

திசையும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். ஆடி மாசம் இங்கே மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்தரத்தில் இருக்கும்போது அது பக்கவாட்டில் அடித்தால் முன்சக்கரம் தள்ளிக்கொண்டு போகும். அதோடு நாங்கள் ஓட்டுவது சாயங்காலம்தான், மேற்கே பார்த்து ஓடினால் சூரியன் கண்ணுக்குள் வரும். அதனால் மேற்கிலிருந்து கிழக்காக வைத்தோம். ஆடியில் காற்று முதுகைத் தள்ளும், அந்த மாசம் வெள்ளைக் கல்லுக்குக் கொஞ்சம் கீழேயிருந்து கிளம்பினால் சரியாகிவிடும்.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், பிளஸ் ஒன் இயற்பியல்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் லிப்பின் அடிக்கு வரும் சைக்கிள், 3 அடி ஏறி உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய 20க்கு இறங்கிவிடும். அங்கிருந்து 35 டிகிரியில் கிளம்பினால், அதே உயரத்துக்குத் திரும்ப வரும்போது சுமார் 9½ அடி கடந்திருக்கும். இதே லிப்பில் 22 கிலோமீட்டரில் வந்தால் 6 அடிதான், 28இல் வந்தால் 13 அடியைத் தாண்டிவிடும். மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு மூன்று, நான்கு அடி மாறுகிறது பாருங்கள். வேகத்தை அளக்காமல் மண்ணைக் குவிக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

அதனால்தான் டேபிள்டாப் கட்டினோம், நடுவில் பள்ளம் விட்ட டபுள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. டபுளில் வேகம் குறைந்தால் எதிர்மேட்டின் மூக்கில் போய் முட்ட வேண்டியதுதான். டேபிள்டாப்பில் நடுப்பகுதி நிரம்பியிருக்கும், 6 அடி பறந்தவனும் சமதளத்தில் கொஞ்சம் 'டம்' என்று இறங்கி உருண்டு போய்விடலாம், பறக்கவே விரும்பாதவன் ஏறி இறங்கிப் போகலாம். லிப் 3 அடி உயரம், நடுவில் சமதளமான டேபிள் 8 அடி நீளம், இறங்கும் பக்கமான லேண்டிங் 25 டிகிரிச் சரிவில் ஆரம்பித்து அடியில் வளைந்து முடிகிற மாதிரி மொத்தம் 10 அடி. 9½ அடி பறக்கிறவனுக்கு டேபிள் தாண்டி ஒன்றரை அடியில் சரிவு தயாராக இருக்கும். அகலம் லிப்பில் 5 அடி, லேண்டிங்கில் 7. மேலே போன பிறகு கொஞ்சம் கோணலானாலும் இறங்க இடம் வேண்டும் இல்லையா.

லிப்பின் வளைவுதான் எல்லாரும் கண்ணளவில் தட்டிவிடுகிற இடம், நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணளவில் கட்டினால் அடியில் தட்டையாக வந்து உச்சியில் திடீரென்று நிமிர்ந்துவிடும், அந்த உதை பின்சக்கரத்துக்குப் போய் ஆளை முன்னால் கவிழ்க்கும். வளைவு அடியிலிருந்து நுனிவரை ஒரே வட்டத்தின் துண்டாக இருக்க வேண்டும். எங்கள் வட்டத்தின் ஆரம் 16½ அடி. அதைக் கயிறு கட்டி நிற்கவைத்து வரைய முடியாது, அதனால் முளைக்குச்சி முறை. லிப் தொடங்கும் இடத்திலிருந்து 3 அடி தள்ளி நட்ட குச்சியில் 3¼ அங்குலத்தில் கோடு, 5 அடியில் 9¼ அங்குலம், 7 அடியில் 18¾, 9 அடியில் 32, கடைசியாக 9½ அடியில் 36. இரண்டு பக்கமும் இப்படிக் குச்சி நட்டு, கோடுகளை நூலால் இணைத்துவிட்டால் மண் எதுவரை வர வேண்டும் என்று நூலே காட்டிக்கொடுக்கும். உச்சிப் பக்கத்தில் ரீப்பர் கட்டையை வைத்து அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பார்த்தால் 35க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

மண் எவ்வளவு வேண்டும்? பக்கச் சரிவையும் சேர்த்தால் இறுகிய நிலையில் சுமார் 400 கன அடி. உதிரி மண்ணாக எடுத்தால் அது 500 ஆகும், அதாவது 5 யூனிட், டிராக்டரில் 5 நடை. அவ்வளவும் நல்ல மண்ணாக இருக்க வேண்டியதில்லை. டேபிளின் வயிற்றுப் பகுதிக்குத் தோப்பு ஓரம் கிடந்த உடைகல், பழைய கைப்பிடிச் சுவர் இடித்த குப்பை எல்லாவற்றையும் போட்டோம், ஒவ்வொரு வரிக்கும் நடுவே சன்ன மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி இடுக்கெல்லாம் அடைத்தோம். லிப்பிலும் லேண்டிங்கிலும் மேலே ஒரு அடிக்குக் கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாவிலை, வேர், குச்சி எதுவும் எங்கேயும் கூடாது, அது மக்கினால் உள்ளே பொந்து விழும். பக்கத்திலேயே ஓரமாகப் பள்ளம் எடுத்துப் பாதி மண்ணை எடுத்துக்கொண்டோம், அந்தப் பள்ளமே மழைத் தண்ணீர் வடியும் கால்வாயும் ஆகிவிட்டது. வெளியிலிருந்து டிராக்டரில் அடிக்கிற மண்ணுக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் செம்மண்ணில் சரளை ஜாஸ்தி, பசை கம்மி. தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், குலுக்கி வைத்துவிட்டால் மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் படியும், களி மறுநாள்தான் இறங்கும், மூன்று பட்டையாகத் தெரியும். எங்கள் பாட்டிலில் களிப் பட்டை விரல் தடிமன்கூட இல்லை. அதனால் மேல்தோலுக்கு மட்டும், சலித்த செம்மண் மூன்று பங்குக்கு வயல் கரம்பை (களிமண்) ஒரு பங்கு கலந்தோம். கரம்பை அதற்குமேல் போனால் காயும்போது வாய் வாயாகப் பிளக்கும். இந்த வேலைக்கு இருப்பதிலேயே நல்ல மண் புற்று மண், அவ்வளவு நைசாக, அவ்வளவு பசையாக இருக்கும். தோப்பு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிறார் அத்தை. அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கட்டியது கார்த்திகையில். ஐப்பசி மழை நின்று மண்ணில் ஈரம் இருந்த சமயம், கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. பங்குனி, சித்திரையில் இதே செம்மண்ணில் கடப்பாரை போட்டால் கைதான் அதிரும்.

கட்டும் வரிசை பின்னாலிருந்து முன்னால். முதலில் லேண்டிங், பிறகு டேபிள், கடைசியில் லிப். லிப்பை முதலில் கட்டினால் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள், லேண்டிங் இல்லாமலே ஏறிப் பார்க்கத் தோன்றும். அதோடு மண் தீர்ந்துபோனால் குறைவது எப்போதும் கடைசியில் கட்டுவதுதான், அது லேண்டிங்காக இருக்கவே கூடாது. லிப்பை அரை அடி குறைத்துக்கொள்ளலாம், லேண்டிங்கைக் குறைக்க முடியாது. டேபிள் பாதி ஏறியிருந்தபோது மாமா வந்து பார்த்துவிட்டு, "என்னாடா, யாருக்கு சமாதி கட்டறீங்க?" என்றார். அன்றிலிருந்து அதற்குச் சமாதி என்றே பெயர் ஆகிவிட்டது, "ண்ணா, சாயங்காலம் சமாதிக்குப் போலாமா?" என்று சின்னவன் போனில் கேட்பதைக் கேட்டு வீட்டில் சித்தி ஒரு தடவை பயந்தே போய்விட்டார்.

மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே நாலு அடி அடித்தால் மேலே மட்டும்தான் இறுகும். நாலைந்து அங்குலத்துக்கு ஒரு வரி, தண்ணீர் தெளிப்பு, திமிசுக்கட்டையால் (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) அடி, அடுத்த வரி. ஈரத்தின் அளவுதான் கைப்பக்குவம். ஒரு பிடி மண்ணை அழுத்திப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் நடுவில் அமுக்கினால் இரண்டாகப் பிளக்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் பூசிக்கொண்டால் தண்ணீர் அதிகம், அதைத் திமிசால் அடித்தால் பக்கத்தில் பிதுங்குமே தவிர இறுகாது, ஆறவிட்டு மறுநாள் அடிக்க வேண்டியதுதான். திமிசு விழும் சத்தம் முதலில் 'பொத்' என்று வரும், இறுகினபிறகு 'டக்' என்று மாறும். அந்தச் சத்தம் மாறும்வரை அடுத்த வரி போடவில்லை.

மேல்தோல் வேலை வேறு ரகம். மம்பட்டியின் முதுகு வளைந்திருப்பதால் அதால் தட்டினால் குழி குழியாக விழும், அதனால் தட்டையான ஷவல் ஒன்று வாங்கினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பித்து, கலவையை மூன்று அங்குலத்துக்குப் பூசி, அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போவது. தட்டத் தட்டத் தண்ணீர் லேசாக மேலே வந்து மினுங்கும், அந்த மினுமினுப்பு வந்ததும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். அதற்குமேல் தட்டினால் பாளம் பாளமாக எழுந்து வரும். லிப்பின் நுனியில் இருபுறமும் பலகை நிறுத்தி அதை அண்டைகொடுத்துத் தட்டினோம், இல்லாவிட்டால் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் நனைந்த சாக்கு போட்டு மூடி, காங்கிரீட்டுக்குச் செய்கிற மாதிரி மெதுவாகக் காயவிட்டோம். வேகமாகக் காய்ந்தால்தான் வெடிப்பு.

சிமெண்ட் கலந்துவிடு, வேலை முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமெண்ட் போட்ட தோல் ஒரு இடத்தில் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் மண் வைத்து ஒட்டவைக்க முடியாது, பழையதும் புதியதும் பிடிக்காது. வெறும் மண் என்றால் நனைத்து, கொத்தி, தட்டிவிட்டால் ஒன்றாகிவிடும். விழுந்தால் சிராய்ப்பும் குறைவு. பக்கச் சரிவுகளுக்கு அருகம்புல் நட்டோம், மழையில் கரையாமல் பிடித்துக்கொள்வதில் அதற்கு ஈடு கிடையாது.

நாங்கள் எதிர்பார்க்காத எதிரி வெள்ளாடு. சுற்று வட்டாரத்தில் ஒரு மேடு முளைத்தால் அதன் உச்சியில் நின்றே தீர வேண்டும் அதற்கு. லிப்பின் நுனியில் நான்கு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு அது திரும்பும்போது குளம்பு அந்த விளிம்பைத்தான் சீவும். ஓட்டாத நேரத்தில் லிப்பின்மேல் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வைக்கிறோம். ஓட்டும் முன் அதை எடுத்துவிட்டு ஒரு தடவை துடைப்பத்தால் பெருக்க வேண்டும், ஒரே ஒரு முள் கிடந்தாலும் ட்யூப் காலி.

ஓட்டும் கதைக்கு வருவோம். முதலில் பாதி உயரத்திலிருந்து உருண்டு வந்து, பறக்காமல் ஏறி இறங்குவது. அது அலுத்துப்போகும்வரை அதையே செய்வது. பிறகு கிளம்பும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக் கல்லை நோக்கி மேலே தள்ளுவது. சின்னவன் பாதி வழியில் "ண்ணா, பயமா இருந்தா பிரேக் புடிக்கலாமா?" என்று கேட்டான். தட்டையில் பிடி, லிப்பில் ஏறின பிறகு தொடாதே, வேகம் குறைந்தால் டேபிளில் இறங்குவாய் அவ்வளவுதான் என்றேன். சீட்டை முழுக்க இறக்கிவிட வேண்டும், எழுந்து நின்று முழங்கால், முழங்கை இரண்டும் மடங்கியிருக்க வேண்டும், ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க வேண்டியதே இல்லை, வளைவு சரியாக இருந்தால் அதுவே தூக்கிவிடும். டயரில் 40 பிஎஸ்ஐக்குக் குறையாமல் காற்று. தலைக்கு ஹெல்மெட் இல்லாதவனுக்கு மேட்டில் இடமில்லை, முழங்கால் கவசமும் சேர்த்துத்தான். தனியாகவும் யாரும் ஓட்டுவதில்லை.

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. டபுள் சஸ்பென்ஷன் என்று ஸ்டிக்கர் ஒட்டி மலிவாக வருகிற இரும்பு சைக்கிள்களைத் தயவுசெய்து இதில் ஏற்றாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்திலும் பின் ஆக்சிலிலும்தான் அடி முழுவதும் இறங்கும், அவை அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத, இரட்டைச் சுவர் ரிம் உள்ள நல்ல ஹார்ட்டெயில் போதும். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பிஎம்எக்ஸ் என்ற மண்பாதை சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்த பையன்கள் மண் மேட்டில் பறந்தது எந்த சஸ்பென்ஷனும் இல்லாத சின்ன சைக்கிளில்தான்.

பராமரிப்பு என்றால் முக்கால்வாசி தண்ணீர் சமாசாரம். வெயில் காலத்தில் ஓட்டுவதற்கு முந்தின சாயங்காலம் பூவாளியால் லேசாக நனைத்துவிட்டால் தூசி எழாது, தோலும் உதிராது. மழைக் காலத்தில் மூடி வைக்க வேண்டும். அதற்குத் தார்ப்பாய் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கல்யாண, காதுகுத்து பிளெக்ஸ் பேனர்கள் எந்த ஊரில்தான் கிடைக்காது, கேட்டால் சும்மாவே தருவார்கள், அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும். லிப் தொடங்கும் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் ஊறி ஊறி வளைவே கீழிறங்கிவிடும், அதனால் அங்கே ஒரு சின்ன வாய்க்கால் கிழித்து ஓரப் பள்ளத்தில் விட்டிருக்கிறோம். கரட்டிலிருந்து இறங்கி வரும் வெள்ளத்துக்கு மேலேயே குறுக்கே ஒரு வரப்பு. மழை விட்ட உடனே யாரும் ஏறக் கூடாது, டயர் தடம் விழுந்து காய்ந்தால் அடுத்த முறை சக்கரம் அந்தத் தடத்திலேயே போகும்.

செலவு என்று பார்த்தால் டிராக்டர் மண், ஷவல், முளைக்குச்சி, நூல் இவ்வளவுதான், மீதி எல்லாம் உடம்பு. ஜேசிபி வைத்தால் குவிக்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்தான், ஆனால் மாமரங்களுக்கு நடுவே அதைத் திருப்ப இடமில்லை, வரி வரியாக இறுக்குகிற வேலையை அது செய்யவும் செய்யாது. லேண்டிங்குக்கு அப்புறம் 30 அடி விட்டு இரண்டாவது மேட்டுக்கு இப்போது கல் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் மேட்டில் இறங்கி வரும் வேகத்தை அங்கே கோடு போட்டு அளந்தாகிவிட்டது, 21 கிலோமீட்டர்தான் வருகிறது, அதனால் அது இரண்டடி உயரத்தில், சின்னதாகத்தான் இருக்கும். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பெங்களூரா மாங்காய் லோடு ஏற்ற வண்டி வருவதற்குள் பாதையிலிருந்து கல்லையெல்லாம் எடுத்துவிட வேண்டும்.